சொந்தக் காரில் கை வைக்க என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

"கார் வேலையைக் கொஞ்சம் நானே பார்க்க ஆசை. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், அவ்வளவுதான். 200 துண்டுகள் கொண்ட டூல் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கிவிடலாமா, இல்லை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொன்றாகச் சேருங்கள். அந்தப் பெட்டியை வாங்கியே தீருவேன் என்றால், வாங்கும் முன் உள்ளே இருப்பதை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த 200இல் பெரும்பங்கு குட்டிக் குட்டி பிட்டுகளாகவும் ஆலன் கீகளாகவும் இருக்கும். மீதியில் ஒரு பங்கு அங்குல அளவு சாக்கெட்டுகள், அதாவது போல்ட் தலையின் மேல் கவிழ்த்து மாட்டும் குழல்கள். இன்று ஓடும் கார்களில் அநேகமாக எல்லாமே மெட்ரிக் அளவு. அந்த அங்குல சாக்கெட்டுகள் பெட்டியை விட்டு வெளியே வரப்போவதே இல்லை. அதெல்லாம் கழித்தால் உண்மையில் கையில் எடுக்கப்போவது நாற்பதோ ஐம்பதோதான். அந்த ஐம்பதில் 15, 16, 18 மி.மீ. சாக்கெட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலிவான பெட்டிகளில் இப்படி நடுவில் சில அளவுகளை விட்டிருப்பார்கள். உங்கள் காருக்கு வேண்டியது அந்த விடுபட்ட அளவாகத்தான் இருக்கும்.

எதில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: போல்ட் தலையைத் தொடும் டூல் நல்லதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் ஓடும். இந்தப் பாடம் எனக்கு முதல் ஆயில் மாற்றத்திலேயே வந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் ஸ்க்ரூ ஸ்பேனரை, அதாவது வாயைத் திருகிப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் ஸ்பேனரை, மாட்டி இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மெல்ல நகர்ந்தது. ஆகா, இளகிவிட்டது என்று மறுபடி மாட்டப் போனால் ஸ்பேனர் நிற்கவே மாட்டேன் என்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். போல்ட் தலையின் மூலை ஒன்று வழுவழுவென்று உருண்டிருந்தது. விரல் நுனியில் மீன் செதில் போல ஓர் இரும்புச் சீவல் ஒட்டிக்கொண்டு வந்தது. நகர்ந்தது போல்ட் இல்லை, அதன் மூலை.

கடைசியில் அந்த 17 மி.மீ. தலையின் மேல் 16 மி.மீ. சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றித்தான் கழற்றினேன். அரை நாள் போனது. புது போல்ட்டும் வாங்க வேண்டியதாயிற்று.

நடந்தது என்னவென்றால், ஸ்க்ரூ ஸ்பேனரோ சாதாரண திறந்த வாய் ஸ்பேனரோ போல்ட் தலையின் இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கும். முழு பலமும் எதிரெதிராக இருக்கும் இரண்டு மூலைகளில் போய் விழும். வாய் கொஞ்சம் விரிந்தாலும் மூலை மழுங்கிவிடும். ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் ஆறு மூலைகளையும் சுற்றி அணைக்கின்றன, அதனால் பலம் பங்கு பிரிந்து போகிறது. ஆகவே போல்ட்டை முதலில் இளக்குவதும் கடைசியில் டைட் வைப்பதும் ரிங்கிலோ சாக்கெட்டிலோதான் நடக்க வேண்டும். திறந்த வாய் இளகிய பிறகு விறுவிறுவென்று சுற்ற மட்டும். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் என்று வரும் காம்பினேஷன் ஸ்பேனர் செட் ஒன்று, 8 முதல் 19 மி.மீ. வரை, நடுவில் அளவு விடாமல் இருந்தால் போதும். திறந்த வாய் நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இடுக்கான இடத்தில் ஒரு தடவை திருப்பி, ஸ்பேனரைப் புரட்டி மாட்டினால் அடுத்த பிடி கிடைக்கும். அதற்காகத்தான் அந்தச் சாய்வு.

சாக்கெட்டில் ஆறு முனை, பன்னிரண்டு முனை என்று இரண்டு வகை உண்டு. பன்னிரண்டு முனை 30 டிகிரிக்கு ஒரு தடவை போல்ட்டில் உட்காரும், ஆறு முனை 60 டிகிரிக்கு ஒரு தடவை. ராட்செட்டில், அதாவது கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கைப்பிடியில், மாட்டும் சாக்கெட்டுக்கு அந்த வசதியால் பெரிய லாபம் இல்லை, ராட்செட்டே கோணத்தைப் பார்த்துக்கொள்கிறது. எனவே ஆறு முனை வாங்குங்கள். துருப்பிடித்த, ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கிய தலையை அதுதான் விடாமல் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் மட்டும் பன்னிரண்டு முனையாக இருந்தால் தப்பில்லை, அங்கே கையை அசைக்க இடம் குறைவு.

கடையில் சாக்கெட்டைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். வாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சரிவு தெரியும். போல்ட் சுலபமாக நுழையட்டும் என்று வைத்தது. மலிவான சாக்கெட்டில் இந்தச் சரிவு ஆழமாக இருக்கும். தடிமன் குறைந்த போல்ட் தலையில் மாட்டினால் பாதிப் பிடி அந்தச் சரிவிலேயே போய்விடும், மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அடுத்தது, உள்ளே மூலைகள் கத்தி போலக் கூராக இல்லாமல் சற்று வளைத்துக் குடைந்த மாதிரி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அழுத்தம் போல்ட்டின் மூலையில் விழாமல் கொஞ்சம் உள்தள்ளிப் பட்டையில் விழும். நல்ல கம்பெனிகள் எல்லாமே இப்போது இப்படித்தான் செய்கின்றன.

சரி, எந்த அளவுகள்? முதலில் உங்கள் கார் யார் செய்தது என்று பாருங்கள். ஜப்பானிய, கொரியக் கார் என்றால் 8, 10, 12, 14, 17, 19, 21 மி.மீ. என்றுதான் பெரும்பாலும் வரும். ஜெர்மன் கார் என்றால் 10, 13, 16, 18 என்று போகும், கூடவே நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலைகள் நிறைய வரும். இத்தனைக்கும் இரண்டு காரிலும் உள்ளே இருக்கும் மறை, அதாவது போல்ட்டின் திருகுப் புரி, ஒன்றாகவே இருக்கலாம். 8 மி.மீ. தடிமன் போல்ட்டுக்கு ஜப்பான்காரர்கள் 12 மி.மீ. தலை வைக்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் 13 வைக்கிறார்கள். 10 மி.மீ. போல்ட்டுக்கு அவர்கள் 14, இவர்கள் 16. 12 தலையில் 13 சாக்கெட் "ஏறக்குறைய" உட்காரும் என்பதுதான் இதில் ஆபத்து. உட்காரும், திரும்பும்போது மூலையைச் சீவிவிடும். சாக்கெட்டை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஓர் அளவு குறைத்துப் பாருங்கள். டார்க்ஸில் இது இன்னும் மோசம். டி30க்குப் பதில் டி27 நுழைந்துவிடும், உள்ளேயே நட்சத்திரத்தை அரைத்து வைத்துவிடும். நுழைவதில் பெரியது எதுவோ அதுதான் சரியான அளவு.

போல்ட்டு மெட்ரிக், ஆனால் ராட்செட்டின் சதுரக் கட்டை மட்டும் உலகம் முழுக்க அங்குலத்தில். கால் அங்குலம், மூன்று நூல், அரை அங்குலம் என்று மூன்று அளவு. அதாவது 1/4, 3/8, 1/2. எது முதலில் என்றால் மூன்று நூல். கார் வேலையில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும். அரை அங்குலம் வீல் நட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேண்டும். கால் அங்குலம் டேஷ்போர்டுக்கு உள்ளே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் போன்ற குறுகலான இடங்களுக்கு. அது மெதுவாக வரட்டும். சாக்கெட்டோடு எக்ஸ்டென்ஷன் இரண்டாவது வேண்டும், 75 மி.மீ. ஒன்று, 150 மி.மீ. ஒன்று. சாய்வாகத் திருப்ப வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று. 10, 12, 14 அளவுகளில் நீளமான சாக்கெட். நட்டுக்கு வெளியே ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மறைக் கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சாதாரண சாக்கெட் நட்டையே தொடாது.

ராட்செட் வாங்கும்போது பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 10 டிகிரி அசைய வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். எஞ்சினுக்கும் அதன் பின்சுவரான ஃபயர்வாலுக்கும் நடுவில் கையை விட்டு வேலை செய்யும்போது இந்த 5 டிகிரி வித்தியாசத்தில்தான் காரியம் நடக்கும். அதற்கு மேல் 90, 120 என்று விளம்பரப்படுத்துவதற்கு நான் அவ்வளவு மதிப்பு கொடுப்பதில்லை. சாக்கெட்டைக் கழற்றிவிடும் பொத்தான் இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு அது இல்லாமல் சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் ராட்செட்டை வைத்து அடம்பிடிக்கும் போல்ட்டை இழுக்காதீர்கள். பைப்பை மாட்டி நீட்டுவதும் வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கி உடைந்தால் கை நேராகப் போய் ரேடியேட்டர் மூலையில் இடிக்கும். அதற்கு அரை அங்குல பிரேக்கர் பார் என்று ஒரு நீளக் கம்பி உண்டு, உள்ளே எந்த இயந்திரமும் கிடையாது. 25 செ.மீ. கைப்பிடியில் 40 கிலோ பலம் கொடுத்தால் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். அதே பலத்தை 60 செ.மீ. கம்பியில் கொடுத்தால் 235ஐத் தாண்டும். உங்கள் உடம்பு அதேதான், கம்பி மட்டும்தான் நீண்டது. விலை குறைவான டூல், நான் ஒரு வருடம் தாமதித்து வாங்கினேன், அந்த ஒரு வருடம் முழுக்க மூச்சு வாங்கினேன்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பலத்தை விடப் பொறுமை நன்றாக வேலை செய்யும். முதல் நாள் இரவே கம்பி பிரஷால் மறையைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள். மறுநாள் கழற்றும் முன் கொஞ்சம் டைட் செய்யும் பக்கம் அசைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கழற்றும் பக்கம் இழுங்கள். கை காதை விடக் கூர்மையாகச் சொல்லும். "டக்" என்று விட்டுக்கொடுத்தால் இளகிவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருகுவது போலத் திரும்பிக்கொண்டே போனால் நிறுத்துங்கள், போல்ட்டின் கழுத்து முறுக்கேறுகிறது, இன்னும் கால் சுற்றில் முறிந்துவிடும். திருப்பி உள்ளே விட்டு, மீண்டும் எண்ணெய் அடித்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியதுதான்.

கழற்றுவது பாதிதான். மாட்டும்போது கெடுப்பவர்கள் அதிகம், அங்கே மூலைக்குப் பதில் மறை போகும். எனவே டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு முறுக்கு கொடுக்கிறோம் என்று அளந்து வைக்கும் ரெஞ்ச், ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கார்களின் வீல் நட்டு பெரும்பாலும் 80 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் சரியான எண் போட்டிருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 செ.மீ. வீல் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் சுமார் 275 வரும். இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டட் இழுபட்டு மெலியும், அடுத்த தடவை நடு ரோட்டில் டயர் மாற்ற வேண்டி வந்தால் கழலவே கழலாது. மறுபக்கம், அலுமினிய ஆயில் பேனில் டிரெயின் போல்ட்டுக்குப் பல கார்களில் 25 முதல் 40 வரைதான். இங்கே ஒரு "இன்னும் கொஞ்சம்" போட்டால் மறை சீவிக்கொண்டு வரும். பேனையே மாற்ற வேண்டி வரலாம்.

இரண்டு வேலைக்கும் ஒரே ரெஞ்ச் சரிப்படாது. அரை அங்குலத்தில் 40 முதல் 200 வரை காட்டும் 'க்ளிக்' வகை ஒன்று முதலில் வாங்குங்கள். ஸ்பார்க் பிளக், அலுமினிய வேலைகளுக்கு வரும்போது மூன்று நூல் அல்லது கால் அங்குலத்தில் சிறியது ஒன்று. எந்த ரெஞ்சும் அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் அவ்வளவு நம்பகமாக இருக்காது, அதனால் வேண்டிய எண் நடுவாக்கில் விழும்படி தேர்ந்தெடுங்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள், ஒரு க்ளிக் கேட்டதும் விட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை க்ளிக் வைப்பவர்கள் உண்டு, வேண்டாம். மறையில் எண்ணெய் பூசிவிட்டு, காய்ந்த மறைக்குச் சொன்ன எண்ணை வைக்காதீர்கள். உராய்வு குறைந்து அதே க்ளிக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவுகோலில் உள்ள மிகக் குறைந்த எண்ணில் வைத்து மூடுங்கள், அதற்கும் கீழே திருக வேண்டாம். இதை வைத்துப் போல்ட்டைக் கழற்றவும் கூடாது.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. ஜப்பானிய வண்டிகளில் வரும் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் பார்க்க ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் பழைய ஜப்பானியத் தரத்தில் செய்தவை. ஃபிலிப்ஸ் டிரைவரின் முனை அதில் முழுதாக இறங்காமல், பலம் கொடுத்தால் மேலே ஏறி நழுவி, பள்ளத்தைத் தின்றுவிடும். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குழியாக இருக்கும், அதுதான் அடையாளம். அந்தத் தரத்தில் செய்த டிரைவர் ஒன்று வைத்திருந்தால் "இந்த ஸ்க்ரூ எப்போதுமே இப்படித்தான்" என்ற புலம்பல் நின்றுவிடும். பிரேக் டிஸ்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவுக்கு அதுவும் போதாது. சுத்தியலால் பின்னால் அடித்தால் முனை அழுந்திக்கொண்டே திரும்பும் கை இம்பேக்ட் டிரைவர் வேண்டும், அதுவும் மலிவுதான். தட்டை டிரைவரை நெம்புகோலாகவும் உளியாகவும் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லலாம், நானே கேட்பதில்லை. அதற்கென்று ஒரு பழையதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பிளேயர் வகைகளுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், வாய் அகலத்தை மாற்றும் வாட்டர் பம்ப் பிளேயர். மூன்று போதும். எதையும் போல்ட் தலையில் வைக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன வேலைகளுக்குத் தனியாக வேண்டியவை சில. ஸ்பார்க் பிளக் சாக்கெட்: பெரும்பாலும் 16 அல்லது 21 மி.மீ., சில புதிய கார்களில் 14. பிளக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆழக் குழியிலிருந்து பிளக் மேலே வராது. பிளக்கைத் திரும்ப விடும்போது ராட்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனை விரல்களால் மட்டும் சுற்றுங்கள், மறை தப்பாக ஏறினால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். ஆயில் ஃபில்டருக்கு உங்கள் ஃபில்டரின் அளவுக்குப் பொருந்தும் கிண்ண வகை ரெஞ்ச், கழற்ற மட்டும். திருகி மாட்டும் டப்பா வகை ஃபில்டர் என்றால் மாட்டுவது கையால்தான். பிரேக் பேட் மாற்ற, பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு சி-கிளாம்ப் போதும், பின் சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கோடு சேர்ந்து திருகிக்கொண்டே உள்ளே போகும் வகை என்றால் அதற்குத் தனி டூல் வேண்டும். பிரேக் பைப்பின் நட்டைத் தொடுவதாக இருந்தால் ஃபிளேர் நட் ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள். பைப்பைச் சுற்றிப் போய் மாட்ட ஒரு வெட்டு விட்ட ரிங் அது. மென்மையான அந்த நட்டைத் திறந்த வாய் ஸ்பேனர் ஒரே இழுப்பில் உருட்டிவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது. காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பி அடியில் படுக்கக் கூடாது. சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கினாலும் அதுவும் தூக்க மட்டுமே, தாங்க இல்லை. ஒரு ரப்பர் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். தாங்குவதற்கு ஆக்ஸில் ஸ்டாண்ட் இரண்டு. அதில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். சமமான, கெட்டியான தரை வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்னால் தூக்கிவிட்டால் காரைப் பிடித்திருக்க ஒன்றுமே இல்லை, அதனால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியதும், கீழே போகும் முன், காரைத் தோளால் பலமாக இடித்து ஆட்டுங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியுங்கள். மேலே பார்த்துக்கொண்டு துருவைத் தட்டினால் அது கண்ணுக்குத்தான் வரும்.

டூல் எந்த உலோகம் என்று கடைக்காரர் பேச ஆரம்பித்தால், குரோம் வனேடியம் என்பதெல்லாம் இன்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும், அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. கறுப்பாக, தடித்த சுவரோடு இருப்பவை இம்பேக்ட் சாக்கெட்டுகள், பெரும்பாலும் குரோம் மாலிப்டினம். மின்சாரத்திலோ காற்றழுத்தத்திலோ நட்டைத் தட்டித் திருகும் இம்பேக்ட் கன்னுக்கு அவைதான், பளபளப்பானதை மாட்டினால் வெடித்துச் சிதறலாம். பழைய டூல் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், ஸ்பேனரின் வாய் விரியாமல், சாக்கெட்டில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். டார்க் ரெஞ்சும் ஜாக்கியும் மட்டும் பழையதில் வேண்டாம்.

வேலை முடிந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் டூல்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது 10 மி.மீ. சாக்கெட்டாக இருக்கும். பேட்டரி டெர்மினலில் தொடங்கி பிளாஸ்டிக் கவர் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் என்பதால் நாள் முழுக்கக் கையிலேயே இருக்கும், கை நழுவி விழுந்தால் தரைவரை வராமல் எங்காவது ஓர் இடுக்கில் தங்கிவிடும். என்னுடைய முதல் 10 மி.மீ. சாக்கெட் இரண்டு வருடம் கழித்து பம்பரைக் கழற்றியபோது கிடைத்தது. அதற்குள் நான்காவதை வாங்கியிருந்தேன். நீங்கள் ஆரம்பத்திலேயே மூன்றாக வாங்கிவிடுங்கள், கூடவே நீளக் கழுத்துக் காந்தம் ஒன்றும்.